அடங்குவதுபோலத் தெரிந்த மலை

கோக்-ஜார்
மார்ச் 12

ஜிபெக்கின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது, இனி எதுவானாலும் எழுதி அனுப்புங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். மமாசாலி நாளை காலை ஓஷ் நகரத்துக்கு வண்டி எடுக்கிறான், அவனிடம் கொடுத்துவிடுவேன்.

நம்மைப் பற்றிய பேச்சு இல்லை இது. சரிவைப் பற்றியது.

வீடுகளுக்குப் பின்னால் மேய்ச்சல் சரிவில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது என்று உனக்குத் தெரியும். உங்கள் நிலச்சரிவு அலுவலகம் சொன்னபடி வெடிப்புக்கு மேலே பாறையில் ஒரு இரும்பு முளை, கீழே மண்ணில் ஒரு முளை அடித்து, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நான் நாடா பிடித்து அளந்துவருகிறேன். கணவாய் வரை ஏறிப்போய் சிக்னல் பிடித்து, மாவட்ட அலுவலகத்துப் பெண்ணுக்கு எண்ணைச் சொல்கிறேன். அவள் கணினி அட்டவணையில் ஏற்றி உனக்கு அனுப்புகிறாள். நீ அதைப் படமாகப் போட்டு, ஊரைக் காலி செய்வதைத் தீர்மானிக்கும் குழுவுக்குக் காட்டுகிறாய். அந்தப் படம் என்ன சொல்கிறது? எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் வெடிப்பை ஒரே எட்டில் தாண்டுவேன். இப்போது தாண்டத் துணிவு வரவில்லை, சுற்றிப் போகிறேன். நம் தீவன அறைக் கதவு பூட்டிக்கொள்ள மறுக்கிறது. நிலை கோணிவிட்டது. பக்கத்து வீட்டு ஜுமாகுல், "வாத்தியாரே, எங்க வீட்டுச் சுவரும் முனகுது" என்கிறாள். சில குடும்பங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்கு அக்கரையில் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன் பயப்படுகிறான் என்று தெரிந்தால் அவ்வளவுதான்.

நான் பயப்படுகிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

ஜிபெக் நன்றாக இருக்கிறாள்.

ஒர்மோன்


ஓஷ்
மார்ச் 16

ஜிபெக்கின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

கோக்-ஜார் அட்டவணையை இன்று திரும்பத் திறந்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சரிவுகளுக்கும் ஒரே மாதிரிப் படம்தான். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பட்டை. முந்தைய அளவிலிருந்து மண் எவ்வளவு நகர்ந்தது என்பதே பட்டையின் உயரம். உங்கள் முதல் பட்டைகள் உயரமாக இருந்தன, பின்னால் வந்தவை குட்டையாகிவிட்டன. கடைசிப் பட்டைகளும் முதல் பட்டைகளின் உயரத்தை எட்டவில்லை. அதாவது சரிவு அடங்கிக்கொண்டிருக்கிறது. தலைவர் தலாய்பெக் ஐயாவும் பார்த்தார். "இந்த வருஷம் கோக்-ஜார் பிழைச்சுது, அடுத்தத எடும்மா" என்றார்.

கதவு கோணுவதெல்லாம் பனி உருகும்போது எல்லா மண் வீட்டிலும் நடப்பது. நீங்கள் சொல்லித்தான் அது எனக்கே தெரியும்.

இதை ஊராருக்கும் படித்துக் காட்டுங்கள். வீணாக யாரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். பள்ளி முடிந்ததும் ஜிபெக் இங்கே வருகிறாள் என்று பேசியிருக்கிறோம். அந்தப் பேச்சு மாறாமல் இருக்கட்டும். நான் ஊரைவிட்டு ஓடியவள் என்று உங்கள் அண்ணன் பேசித் திரிவதாகக் கேள்விப்பட்டேன். வேலைக்கு வந்தவள் என்று அவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஜிபெக்குக்கு ஒரு பை பேரீச்சம்பழம் மமாசாலியிடம் இருக்கிறது. அவன் தின்பதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

புருல்


கோக்-ஜார்
மார்ச் 23

ஜிபெக்கின் அம்மாவுக்கு,

நோரூஸ் பண்டிகையன்று அண்டாவில் சுமோலோக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தபோது, எல்லாரும் கூடியிருந்த இடத்தில் உன் கடிதத்தைப் படித்தேன். உன் கோபத்தைத் தவிர்த்து மற்றதை மட்டும். பெரிய ஆரவாரம். சத்தார், "பாத்தீங்களா, வாத்தியார் பொண்டாட்டி அங்க உக்காந்துகிட்டே நம்ம மலைய கட்டிப்போட்டுட்டா!" என்று கத்தினான். அவன் மனைவி ஜுமாகுல் அழுதுகொண்டே சிரித்தாள். அக்கரை போனவர்கள் மறுநாளே படுக்கை, பாத்திரம், கோழி எல்லாவற்றோடும் வீடு திரும்பிவிட்டார்கள். ஊர் நிறைந்திருக்கிறது. நோரூஸ் இரவு நானும் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் எனக்குள் ஏதோ சரியில்லை, புருல். சரிவின் அடியிலுள்ள ஊற்றுநீர் நேற்று முதல் கலங்கலாக வருகிறது. தேநீர் நிறத்தில். வேலிக்கம்புகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்திருக்கின்றன. நேற்று இரவு ஜிபெக், "அப்பா, மலை பல்லைக் கடிக்குது" என்று என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். காதைத் தரையில் வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், ஏதோ கேட்கிறது. கனவு என்று சொல்லித் தூங்கவைத்தேன்.

படம் அடங்குகிறது என்கிறாய். நான் அளப்பதில் தப்பா? பிப்ரவரியில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அளந்தேன். மார்ச் பிறந்ததிலிருந்து மனது கேட்காமல் தினமும் ஏறுகிறேன். நாடா அதே நாடா, முளை அதே முளை. முன்பு வெடிப்பு மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கும், இப்போது இரண்டுதான் கூடுகிறது. அப்படியென்றால் குறைந்திருக்கிறது என்பது நியாயம்தான். ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லையே.

என் பயம்தான் கண்ணை மறைக்கிறதோ என்னவோ. நீ ஒரு முறை நன்றாகப் பார்த்துச் சொல்.

ஒர்மோன்


ஓஷ்
மார்ச் 25

ஒர்மோன்,

இதைப் படித்ததும் ஜிபெக்கை மமாசாலியின் வண்டியில் ஏற்றிவிடுங்கள். உடனே. மற்றதைப் பிறகு படியுங்கள்.

நீங்கள் அளந்ததில் தப்பு இல்லை. நான் வரைந்ததில் தப்பு.

நீங்கள் தினமும் அளக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அட்டவணையில் தேதி இருந்தது. ஆனால் அந்தப் பத்தி குறுகலாக இருந்ததால் தேதிக்குப் பதிலாக வெறும் #### என்று வேலிக்குறிகளாகத் தெரிந்தது. அதை அகலப்படுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. படத்தின் அடியில் அளவு ஒன்று, அளவு இரண்டு என்று வரிசை எண்தான் போட்டிருந்தேன். அலுவலக வழக்கம் அதுதான். அதனால் ஒரு வாரத்துப் பட்டையும் ஒரு நாள் பட்டையும் பக்கத்தில் பக்கத்தில் சமமாக நின்றன. பிப்ரவரியின் மூன்று சென்டிமீட்டர், ஏழு நாளுக்கு. இப்போதைய இரண்டு, ஒரே நாளுக்கு. மூன்றின் பக்கத்தில் இரண்டு குட்டையாகத்தானே தெரியும்? நீங்கள் பயப்படப் பயப்பட அடிக்கடி அளந்தீர்கள். அடிக்கடி அளக்க அளக்க என் படத்தில் மலை அடங்கிக்கொண்டே வந்தது.

அதை நோரூஸ் அன்று ஊர் நடுவில் படித்திருக்கிறீர்கள். போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். என் வார்த்தையை நம்பி.

புதிதாக வரைந்துவிட்டேன். பட்டைகளை எறிந்துவிட்டு ஒரே ஒரு கோடு. அடியில் வரிசை எண் இல்லை, தேதிகள். நாளுக்கு நாள் ஒரே இடைவெளி. மேலே, முதல் நாளிலிருந்து வெடிப்பு மொத்தம் எவ்வளவு விரிந்தது என்பது, பூஜ்யத்திலிருந்து. நிறம், நிழல், கட்டம் எதுவும் வைக்கவில்லை. கோடு பிப்ரவரி முழுக்கத் தரையில் படுத்துக்கிடக்கிறது. மார்ச்சில் எழுந்து உட்காருகிறது. இப்போது எழுந்து நிற்கப்போகிறது. கலங்கல் தண்ணீர் வந்ததாக நீங்கள் எழுதிய நாளைக் கோட்டின்மேல் ஒரு புள்ளியாக வைத்தேன். தலைப்பில் வழக்கமாக இருக்கும் "கோக்-ஜார், முளை எண்" என்பதை அழித்துவிட்டு, "வெடிப்பு முன்னைவிட வேகமாக விரிகிறது" என்று எழுதினேன்.

தலாய்பெக் ஐயாவிடம் கொண்டுபோனேன்.

"போன வாரம் குறையுதுன்ன. இந்த வாரம் கூடுதுன்ற. நான் எதக் கொண்டுபோய்க் குழுவுல வைக்கிறது?"

"ஐயா, போன வாரம் நான் போட்டது தப்பான படம்."

"உன் பொண்ணு அங்கதானே இருக்கா? அளக்கறது உன் புருஷன், வரையறது நீ. யாரும்மா நம்புவா?"

அவர் பயம் எனக்குத் தெரியும். போன வருடம் வேறொரு ஊரை அவர் கையெழுத்தில் காலி செய்தார்கள். மக்கள் பனியில் கூடாரத்தில் கிடந்தார்கள், மலை அசையவே இல்லை. அந்தப் படத்தில் யாரோ அளவுகோலை இழுத்து, சின்ன நகர்வைச் சுவர்போல நிறுத்தியிருந்தார்கள். எனக்கும் அப்படி நிறுத்தத் தெரியும். சுட்டியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் போதும். கை அதுவரை போனது. செய்யவில்லை. கோடு எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கிறது.

குழு கூடிப் பேசிப் பொறியாளரை அனுப்புமாம். எப்போது என்று தெரியவில்லை. அதுவரை காத்திருக்க முடியாது. படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துச் சுருட்டி மமாசாலியிடம் கொடுத்திருக்கிறேன். ஊரார் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள்.

முதலில் ஜிபெக்.

புருல்


கோக்-ஜார்
மார்ச் 28

புருல்,

ஜிபெக்கை அனுப்பவில்லை. திட்டுவதற்கு முன் முழுதும் படி.

பையைக் கட்டினேன். கோட்டு போட்டுவிட்டேன். வண்டியில் உட்காரவைத்தும் விட்டேன். ரொட்டி வாங்க வந்த பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஜுமாகுல் மட்டும் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "வாத்தியாரே, பிள்ளைய எங்க அனுப்புறீங்க? மலை அடங்கிடுச்சுன்னு நீங்கதானே படிச்சீங்க?" என்றாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. நான் என் பிள்ளையை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பேன்? ஜிபெக்கை இறக்கினேன். அவள் காரணம் கேட்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நீ கடிதத்தின் தலையிலும் காலிலும் ஜிபெக் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நீ தாய், அப்படித்தான் எழுதுவாய். ஆனால் இங்கே ஊர் நிறையப் பிள்ளைகள், புருல்.

அக்கரையில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் உன் படத்தை ஒட்டி, எல்லாரையும் கூப்பிட்டேன். சத்தார் முதல் ஆளாகச் சிரித்தான். "போன வாரம் எறங்குதுன்னா, இந்த வாரம் ஏறுதுங்கறா. வீட்டுல சண்டையா வாத்தியாரே? சண்டைய மலைமேல ஏன் காட்டறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். முதல் படம் ஏன் தப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன்; பட்டை, அச்சு என்று ஏதேதோ சொன்னேன். ஒருவருக்கும் ஏறவில்லை. கடைசியில் சத்தாரையே கேட்டேன்.

"சத்தாரு, உன் குதிரை ஒரு வாரத்துல மூணு மூட்டை தின்னுது. அப்புறம் ஒரே நாள்ல ரெண்டு மூட்டை தின்னுது. பசி கொறஞ்சுடுச்சா?"

ஜுமாகுல்தான் எழுந்தாள். கோட்டின் கிட்டே வந்து, அது தொடங்கும் இடத்தில் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தாள். கலங்கல் தண்ணீர்ப் புள்ளியில் விரல் நின்றது. "இது அந்த ஊத்து நாள்தானே?" என்றாள். பிறகு கோடு ஏறும் பக்கம் விரல் ஏறியது. தாள் முடிந்த இடத்தில் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, திரும்பி எங்களைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலைக்குள் ஊர் ஓடையைத் தாண்டிவிட்டது. பள்ளி வகுப்புகளிலும் கம்பளிக் கிடங்கிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். ஜிபெக் மேசைக்கு அடியில் படுக்கிறாள், அங்கேதான் பயமில்லையாம். மாடுகள் இன்னும் ஊர்ப்பக்கத்திலேயே. கட்ட இங்கே இடமில்லை. ஆண்கள் போய்த் தீவனம் போட்டுவிட்டு ஓடிவருகிறோம்.

நான் இன்னும் அளக்கிறேன். நேற்று நாடாவைப் பிடித்தபோதே அது கையில் இறுகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் நகர்ந்தது. நாடாவைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதனால் நேற்றைய எண் கிடையாது.

ஒர்மோன்


ஓஷ்
மார்ச் 31

ஒர்மோன்,

இனி மேலே போகாதீர்கள். எண் வேண்டாம். நாடா இறுகியது என்று எழுதிய வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை.

ஜிபெக்கை நீங்கள் இறக்கியது சரி. அப்படி எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சரி என்று தெரிகிறது, ஆனாலும் மனம் ஆறவில்லை. அக்கரையில் இருக்கிறாள், அது போதும். மேசைக்கு அடியில் கம்பளம் போட்டுவிடுங்கள், தரை ஈரமாக இருக்கும்.

இப்போது எனக்குப் புதுப் பயம் பிடித்திருக்கிறது. மலை விழாவிட்டால்? இங்கே ஓஷில் மூன்று நாளாக மழை. அங்கும் பெய்யும். கைக்குழந்தைகளோடு கிடங்கில் எத்தனை நாள் கிடப்பார்கள்? ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் என் கோட்டைத்தானே சபிப்பார்கள்? காலையில் விழ வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மாலையில், விழுவதானால் சீக்கிரம் விழட்டும் என்று தோன்றுகிறது. ஒரு ஊர் இடியட்டும் என்று நினைக்கிறவள் என்ன மனுஷி?

தலாய்பெக் ஐயா நேற்று தானாகவே என் மேசைக்கு வந்து படத்தைக் கேட்டார்.

"இந்தக் கோடு எங்க போய் முடியும்?"

"தெரியாதுங்க ஐயா."

"என்னைக்கு?"

"அதுவும் தெரியாது."

"தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"ஆமாங்க ஐயா."

படத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு கவர்னர் அலுவலகம் போனார். நம் கோக்-ஜாருக்குக் கூடாரமும் லாரியும் அனுப்பக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று இன்று தெரிந்தது. சாலை சேறாக இருப்பதால் லாரி மெதுவாக வரும்.

லாரி வந்தால் மாடுகளையும் ஏற்றலாம். அதுவரை ஒருவரும் ஓடையைத் தாண்ட வேண்டாம். மாடு பசித்துக் கத்தட்டும். தயவுசெய்து.

புருல்


கோக்-ஜார், அக்கரை
ஏப்ரல் 4

புருல்,

செய்தி உனக்கு வந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன்.

நேற்று காலை ரொட்டி பங்கிட்டுக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. முதலில் சத்தம் இல்லை. சரிவிலிருந்த பீச் மரம் நின்றபடியே கீழே நடந்து வந்தது. சாயவில்லை, நின்றபடியே வந்தது. யாரோ சிரித்தார்கள்கூட, அவ்வளவு விசித்திரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். பள்ளி ஜன்னல்கள் எல்லாம் உடைந்து உள்ளே விழுந்தன. ஜிபெக்கை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் என் காதில் ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. எழுந்து பார்த்தபோது எதிரே ஊர் இல்லை. நம் வீடு, கோணிய கதவு, ஜுமாகுலின் சுவர், எதுவும் இல்லை. ஈர மண், அதன்மேல் புகைபோலத் தூசி.

உன் கடிதம் முந்தின நாள்தான் வந்தது. எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பாலத்தில் கயிறு கட்டினோம். நேற்று காலையில் மாடுகள் கத்தியது சத்தாருக்குப் பொறுக்கவில்லை. "நான் போயிட்டு வந்துடறேன், டீ ஆறதுக்குள்ள" என்று சொல்லிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனான். நான் தடுத்தேன். பிடித்து வைக்கவில்லை.

தேடுகிறார்கள். கிடைக்கமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மற்ற எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாரும். நோரூஸ் அன்று படுக்கையோடு திரும்பி வந்தவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். லாரி நேற்று மதியம் வந்தது. தலாய்பெக்கும் வந்தார். கரையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

ஜுமாகுல் அழவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கரும்பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். படம் இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. இன்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். "வாத்தியாரே, இந்தக் கோட்டுல நேத்துத்தான் விழும்னு இருந்துச்சா?"

உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மேல் சரிவில் பாதி இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே யாரும் இல்லை, ஆனால் ஓடை இருக்கிறது. மண் விழுந்து ஓடையை அடைத்தால் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் வரும். பொறியாளர் புது முளை அடிக்கச் சொல்கிறார். நான் போகத்தான் வேண்டும். இடம் எனக்குத்தான் தெரியும். இரண்டு முறை பாலம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

ஜிபெக் உன்னைக் கேட்கிறாள். நானும் கேட்கிறேன் என்று எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஒர்மோன்


ஓஷ்
ஏப்ரல் 5

ஒர்மோன்,

நாளைக்கு மமாசாலியின் வண்டியில் முன்சீட்டுச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் நானும் ஒன்றாகவே வருவோம் போலிருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், எதிரில் நின்றால் எனக்குச் சொல்ல வராது.

புது முளையை நீங்கள் தனியாக அடிக்க வேண்டாம். நானும் மேலே வருகிறேன். ஒருவர் நாடாவைப் பிடிக்க, ஒருவர் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

தலாய்பெக் ஐயா எல்லா ஊர்களின் அட்டவணைகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒவ்வொன்றாகத் தேதிப் பத்தியை இழுத்து அகலமாக்கிக்கொண்டிருக்கிறேன். இதுவரை திறந்ததில் ஒன்று கோக்-ஜார் போலவே இருந்தது. அந்த ஊருக்கு இன்றே ஆள் போயிருக்கிறது.

இறங்கியதும் ஜிபெக்கைப் பார்ப்பேன். அதன் பிறகு என்னை ஜுமாகுலிடம் கூட்டிப்போங்கள். கோட்டில் அந்த நாள் இல்லை என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். எந்த நாளும் அதில் இல்லை. வேகம் மட்டும்தான் இருந்தது. அது சத்தாரை நிறுத்தப் போதவில்லை. இதை எந்த முகத்தோடு சொல்வேன், அவள் குழந்தையை என் மடியில் வைப்பாளா, கதவைச் சாத்துவாளா, ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நில்லுங்கள்.

புருல்